தண்ணீரை மூடியவன்

மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும். சந்தையில் விலைபோகாமல் திரும்பி வந்த போஞ்சிக்காயை வாசலில் சாக்கு விரித்துக் கொட்டி, அழுகியதைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கேட்டை யாரோ தட்டினார்கள். நிமிர்ந்தால் தங்கராசு நிற்கிறார். ஒரு கையில் குடை. மறு கையில் என் கதை வந்திருந்த பத்திரிகை. அதை நீளவாக்கில் மடித்து, கரப்பான் அடிக்கப் போகிறவரைப்போலப் பிடித்திருந்தார்.

அவர், இவர் என்று எழுதுகிறேன். ஏழெட்டு வருடமாக என் வாயில் அவருக்கு அந்த மரியாதை இருந்ததில்லை.

அந்தக் கதையில் அவர்தான் வில்லன். பெயரை மாற்றியிருந்தேன், ஊரை மாற்றியிருந்தேன். அதனால் என்ன? எங்கள் மேட்டில் இருக்கிற முப்பது வீட்டில் யார் படித்தாலும் முதல் பக்கத்திலேயே ஆளைப் பிடித்துவிடுவார்கள். அவரும் பிடித்துவிட்டார்.

போஞ்சி நறுக்கும் கத்தி பக்கத்தில் கிடந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். குத்துவதற்கு இல்லை. வெறுங்கையோடு இருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

"வாங்க" என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்டைத் தாண்டவில்லை.

இந்த மனிதரை எழுதப் பழக எனக்கு மூன்று வருடம் போனது. "உங்கள் கதையில் வரும் கெட்டவர்களை எங்கே பிடிக்கிறீர்கள்?" என்று இந்தத் தொடரைப் படிக்கிற ஒருவர் கடிதம் போட்டிருந்தார். பதில் கொஞ்சம் நீளம். தங்கராசு கேட்டிலேயே நிற்கட்டும். சொல்லிவிட்டு வருகிறேன்.

மேல் லைனும் கீழ் லைனும்

வத்தேகம டவுனிலிருந்து பஸ் ஏறி, இறங்கி, இன்னும் இருபது நிமிடம் நடந்தால் எங்கள் மேடு. தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு வந்து துண்டு துண்டாகக் காணி வாங்கி வீடு கட்டியவர்கள்தான் அங்கே எல்லோரும்.

மலை உச்சியில் ஒரு ஊற்று. அதற்குக் கீழே நாங்களே சீமெந்து சுமந்து கட்டிய தண்ணீர்த் தாங்கி. தாங்கியிலிருந்து இரண்டு குழாய் இறங்கும். ஒன்று மேல் வீடுகளுக்கு, மற்றது கீழ் வீடுகளுக்கு. இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் தண்ணீர் முழுக்கக் கீழே ஓடிவிடும். மேலே காற்றுதான் வரும். ஆகவே முறை வைத்துத் திறக்க வேண்டும். அதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் தங்கராசு. வால்வைத் திருப்பும் இரும்புச் சாவி முழங்கை நீளம் இருக்கும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் தினமும் காலையும் மாலையும் மேலே ஏறுவார்.

என் வீடு மேல் லைன்.

என் அம்மா செத்த மறுநாள் பகல் அடக்கம். பெட்டியை எடுத்துப்போய்க் குழியில் இறக்கிவிட்டு எல்லோரும் திரும்பி வந்தோம். மயானத்துக்குப் போனவர்கள் தலை முழுகாமல் வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. கால் கழுவவாவது ஒரு வாளித் தண்ணீர் வேண்டும். அறுபது பேர் முற்றத்தில் நிற்கிறார்கள். நான் குழாயைத் திறக்கிறேன். 'புஸ்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அது எங்கள் முறை. அன்றைக்கு மட்டும் மதியமும் ஒரு மணி நேரம் விடுவதாகத் தண்ணீர்ச் சங்கத்தில் பேசி முடித்திருந்தது.

"நான் போய் தங்கராசு அண்ணன்கிட்ட கேட்டுட்டு வாறேன்" என்று தம்பி கிளம்பினான். அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அந்தாள்கிட்ட போய் ஒருத்தரும் கேக்கக் கூடாது."

கீழ் வீடுகளிலிருந்து வாளி வாளியாகக் கடன் வாங்கினோம். பதுளையிலிருந்து வந்த சொந்தங்கள் முகத்தைக்கூடக் கழுவாமல் பஸ்ஸுக்கு நடந்தார்கள். அவர்கள் முதுகு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு பெரியவருடைய வேட்டியில் குழிமண் அப்படியே ஒட்டியிருந்தது.

மறுநாள் தங்கராசு சொன்னது இரண்டே சொல். "குழாயில காத்து."

சங்கத்தில் கேட்டார்கள், காத்து என்றார். கோயிலில் வைத்துக் கேட்டார்கள், காத்து என்றார். நான் ரோட்டில் மறித்துக் கேட்டேன். குடையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "காத்துதான்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

தாங்கியோடு சிரித்தவன்

நான் எழுத வந்த கதையை இந்தத் தொடரில் முன்பே சொல்லிவிட்டேன். மரக்கறிக் கடை பில் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதியவள் நான். எழுத வந்தவுடன் முதலில் எழுத நினைத்தது இவரைத்தான். பேனாவால் அடிக்கலாம் என்ற நினைப்பு.

கண்டி டவுனில் ஒரு இரும்புக்கடை மாடியில் டியூஷன் வகுப்பு நடக்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு அந்த அறை சும்மா கிடக்கும். எழுதுகிற பைத்தியங்கள் ஆறேழு பேர் அங்கே கூடுவோம். சின்னப் பிள்ளைகளின் வாங்குப் பலகையில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து ஒருவர் எழுதியதை மற்றவர் கேட்போம்.

முதல் தடவை என் கதையை நின்றுகொண்டே வாசித்தேன். வில்லனுக்குக் கொள்ளிக்கட்டைபோலச் சிவந்த கண். முறுக்கு மீசை. விடியக் காலையில் தண்ணீரை மூடிவிட்டு, "சாகட்டும்!" என்று சொல்லிச் சிரிக்கிறான். வாசித்து முடித்தபோது எனக்கே மூச்சு வாங்கியது. கை தட்டுவார்கள் என்று பார்த்தேன்.

சிவகௌரிதான் முதலில் வாயைத் திறந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண். பேராதனையில் ஆய்வுகூடத்தில் வேலை. என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

"ராணி அக்கா, குறை நினையாதேங்கோ. இந்தாள் ஏன் சிரிக்குது?"

"கெட்டவன். சிரிக்கிறான்."

"அது சரி. தாங்கிக்குப் பக்கத்தில ஒருத்தரும் இல்லையெல்லே? தனிய நிண்டு ஆருக்குச் சிரிக்கிறார்?"

பின் வாங்கிலிருந்து நஸீர் நானா சேர்ந்துகொண்டார். மடவளைக்காரர்; நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். குடை, ரெக்சின் பை விற்கிற கடை வைத்திருக்கிறார். "விடியக் காலையிலேயே சிரிக்கிறானே தங்கச்சி. பல்லாவது வெளக்கினானா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செத்த வீட்டு முத்தத்துல தண்ணி இல்லாம நின்னது நானு. நீங்க இல்ல" என்று கத்தினேன்.

"ஓம், அது நீங்கள்தான்" என்றாள் சிவகௌரி. அவள் குரலை உயர்த்தவே இல்லை. "உங்களை எனக்கு நல்லாத் தெரியுது. அவர் எங்கை? பின்னேரம் வீட்டை போய் என்ன சாப்பிடுறவர்? அதுகூட இந்தக் கதையில இல்லையே."

காகிதத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை.

நஸீர் நானாவின் தங்கப்பல்

இந்த இடத்தில் நஸீர் நானாவின் கூத்தையும் சொல்ல வேண்டும். சிரித்தாரே, அவருடைய யோக்கியதையும் தெரியட்டும்.

நானாவுடைய எல்லாக் கதையிலும் வில்லன் ஒரே ஆள்தான். கடைச் சொந்தக்காரன். வாயில் தங்கப்பல், விரலில் நாலு மோதிரம், பேச்சு முழுக்க உறுமல். நானாவுக்குக் கடையை வாடகைக்கு விட்டிருக்கிற மனிதரைத்தான் அப்படி எழுதியிருந்தார். ஒரு கதை அச்சில் வந்தது. மனிதர் படித்துவிட்டார். நானா நாலு நாள் கடையைத் திறக்காமல் ஒளிந்துகொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் அந்தக் கடைச் சொந்தக்காரரே தேடி வந்தார். கையில் அதே பத்திரிகை பத்துப் பிரதி. "நானா, பிரமாதம்! யாரந்த ராஸ்கல்? நம்ம பக்கத்துக் கடை ஓனர்தானே?" என்று கேட்டுவிட்டு, வந்தவன் போனவனுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்தாராம்.

இதை நானா என்னிடம் சொன்னது, நான் இரண்டு மாதம் வராமல் இருந்ததற்குச் சமாதானம் பேச வந்தபோது. என் மரக்கறிக் கடைக்கு முன்னால் நின்றபடி, "இதத்தான் செல்றேன் தங்கச்சி. அவன் அவனையே காணல்ல. உறுமுறவன் வேற எவனோன்னு நெனச்சிட்டான். ஊட்டுல அவன் உறுமுறதே இல்லையே" என்றார்.

அன்றைக்கு நானாவுக்கு ஒரு கிலோ லீக்ஸ் சும்மா கொடுத்தேன். கொடுத்ததற்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

பத்து நாள் சாவி

பிறகு தங்கராசுவுக்கு டெங்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். சாவியை எடுக்க ஆள் இல்லை. ஆம்பிளைகள் எல்லோரும் விடியவே வேலைக்குப் போகிறவர்கள். சங்கக் கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சாவியக் குடுங்க" என்று நான் எழுந்தேன். சந்தைக்குப் பத்து நாள் முழுக்குப் போட்டேன்.

ஊருக்கு உதவ என்று நினைத்தார்கள். நான் போனது கதைக்கு. அவருடைய கள்ளத்தனம் முழுக்க அந்தத் தாங்கிக்குப் பக்கத்தில் கிடக்கும், பொறுக்கிக்கொண்டு வரலாம் என்று போனேன்.

அங்கே கிடந்தது என்ன தெரியுமா? தகரக் கூரைக்குக் கீழே ஆணியில் தலை துவட்ட ஒரு துவாய். இலை தழை அள்ள ஓட்டை போட்ட கரண்டி. ஊற்று வாயில் கட்டியிருந்த வலையைக் கழுவ, மயிர் தேய்ந்த மூன்று பழைய பல் பிரஷ். அவற்றை வரிசையாகச் செருகி வைத்திருந்தார். உட்கார ஒரு தட்டைக் கல். அந்தக் கல்லில் உட்கார்ந்தால் பாதை முழுக்கத் தெரியும். என் வீட்டு முற்றம் வரை தெரியும்.

முதல் நாளே குழாயை உடைத்தேன். வால்வை ஒரே மூச்சில் திறந்துவிட்டேன். உள்ளே இருந்த காற்றைத் தண்ணீர் தள்ளிக்கொண்டு போய் வளைவில் மோத, பொருத்து கழன்று தண்ணீர் வானத்துக்கு அடித்தது. மெதுவாக, கால் சுற்று, நிறுத்தி, கால் சுற்று என்று திறக்க வேண்டும். கடைசி வீட்டுக் குழாய் துப்பி முடியும்வரை காத்திருக்க வேண்டும். சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டினோம். நனைந்த பூனைபோல இறங்கி வந்த என்னைப் பார்த்து மேட்டில் எல்லோரும் ஒரு மாதிரிச் சிரித்தார்கள். ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

நாலாம் நாளுக்குள் கை பழகிவிட்டது. அதோடு வேறொன்றும் பழகியது. நான் பாதையில் ஏறும்போது, வாசலில் நிற்கிற பெண்கள் முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்ல மாட்டேன். நன்றாகவே பிடித்திருந்தது.

கீழ் லைன் புஷ்பம் மட்டும் சிரிக்கவில்லை. ஐந்தாம் நாள் ரோட்டில் வைத்து, "எங்க லைனுக்குக் கொறச்சுக் கொறச்சு விடுறீங்க. இதுக்குத் தங்கராசு அண்ணனே மேல்" என்றாள்.

தங்கராசுவே மேல்! என்னைப் பார்த்து!

மறுநாள் காலை தாங்கியை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் நாலு விரல் குறைவு. உண்மையாகவே குறைவு. மிச்சப்படுத்த வேண்டுமே என்று சொல்லிக்கொண்டு, கீழ் லைனைப் பத்து நிமிடம் முந்தி மூடினேன். பதினொரு சுற்று. ஒவ்வொன்றாக எண்ணி, பொருத்துக்கு வலிக்காமல், பிள்ளைக்குச் சட்டை மாட்டுவதுபோல மூடினேன். சிரிக்கவில்லை. "சாகட்டும்" என்று சொல்லவில்லை. பொறுப்பான வேலை செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

பிறகு இறங்கிப் போயிருக்கலாம். போகவில்லை. கல்லில் உட்கார்ந்து பாதையைப் பார்த்தேன்.

புஷ்பம் வாளியோடு ஏறி வந்தாள். அவள் தலை தெரிந்ததும் என் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம். வரட்டும், வந்து கேட்கட்டும்.

"ஏன் மூடுனீங்க?"

"தாங்கில தண்ணி இல்ல."

"எங்க வீட்டுல புள்ள தலையில சோப்போட நிக்குது. எப்பிடி இல்லாமப் போச்சு?" வாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "தண்ணி தொறக்க ஆளு எதுக்கு, கொரங்குக்குச் சொல்லிக் குடுத்தா அதுவும் தொறக்கும்னு சொன்ன வாய்தானே இது? இப்ப எந்தக் கொரங்கு மூடுது?"

"யார் சொன்னா அப்பிடி?"

"நீங்கதான். சங்கக் கூட்டத்துல, தங்கராசு அண்ணன் மூஞ்சிக்கு நேரா. அவரு மகளும் அங்கதான் ஒக்காந்திருந்துச்சு. நாங்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சோமே. உங்கம்மா சாகுறதுக்கு முந்தின மாசம்."

எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம். சொன்னவளுக்கு மறந்துவிட்டது. முதல் நாள் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஒருவருக்கும் மறக்கவில்லை. அவர் மட்டும் மறந்திருப்பாரா?

சாவியை எடுத்துக் கால் சுற்று, கால் சுற்றாகத் திறந்தேன். புஷ்பம் வராமல் இருந்திருந்தால்? அங்கேயே உட்கார்ந்திருப்பேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மீசையை வழித்தேன்

அன்று பின்னேரமே பழைய கதையைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

புதியதில் சிவந்த கண் இல்லை. மீசையை வழித்தேன். சிரிப்பை வெட்டினேன். அவனுக்கு மூன்று பல் பிரஷ் கொடுத்தேன். தாங்கியில் நாலு விரல் குறைவு கொடுத்தேன். கெட்டவன் கையில் எப்போதும் கொஞ்சம் உண்மை இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவன் கெட்டதைச் செய்வான். அதைக் கொடுக்காமல் எழுதினால் வெறும் துணிப் பொம்மை.

குரங்குப் பேச்சை எழுதுவதற்கு ஒரு வாரம் பிடித்தது. வேறு யார் வாயிலாவது போட்டுவிடலாம் என்று பார்த்தேன். முதலில் பக்கத்து வீட்டுக்காரி வாயில் போட்டேன். கதை செத்துப்போனது. என்னைப்போல ஒரு மரக்கறிக்காரியின் வாயில் போட்டேன். கதை எழுந்து உட்கார்ந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் செய்தது சரி என்று நான் எழுதவில்லை. இன்றைக்கும் சொல்ல மாட்டேன். குழிமண்ணோடு அறுபது பேரை நிற்க வைத்தவன் கெட்டவன்தான். ஆனால் அவன் எப்படிக் கெட்டவன் ஆனான், எத்தனை சுற்று எண்ணி ஆனான் என்பது இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. காகிதத்தில் வைத்தேன்.

இரும்புக்கடை மாடியில் மறுபடி வாசித்தேன். இந்த முறை உட்கார்ந்துகொண்டு. முடிந்ததும் ஒருவரும் பேசவில்லை. கீழே கடையில் கம்பி வெட்டுகிற சத்தம் மட்டும் வந்தது.

"அவர் கல்லில இருக்கேக்க," என்று சிவகௌரி மெல்ல ஆரம்பித்தாள், "நான் அவருக்காகப் பயந்துபோனன் அக்கா. ஆராவது போய்க் கேளுங்கோவன் எண்டு கத்த வேணும்போல இருந்தது. பிறகு எனக்கே என்னில கோவம் வந்திட்டுது."

நஸீர் நானா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் என்ட ஓனர்ட பல்லைக் கழட்டப் போறேன்" என்றார்.

எனக்குப் பெருமைதான். மறைக்க மாட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். படித்தவர்கள் நிறைந்த அறையில் அப்படி ஒரு அமைதியை நான் வாங்கினேன். யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை.

கேட்டில் நிற்பவர்

தங்கராசு இன்னும் நிற்கிறார். கேட்டுக்கு மேலே கொய்யா மரத்திலிருந்து அவர் குடையில் சொட்டுச் சொட்டாக விழுகிறது.

"இது நீ எழுதினதா?"

"பேரு போட்டிருக்கே."

"எனக்குக் கண்ணு சரியில்ல. மகதான் படிச்சுக் காட்டுனா. ரெண்டு தடவ."

"சரி."

"வலைய பல்லு வெளக்குற பிரஷ்ஷால கழுவுறது நான் ஒருத்தன்தான். ஊருக்கே தெரியும்."

"தெரியட்டும்."

கொஞ்ச நேரம் குடையின் பிடியைத் தடவினார். "கொரங்குன்னு சொன்னத நீயே எழுதிட்ட."

"சொன்னேன். எழுதினேன்."

அவர் பத்திரிகையை விரித்தார். ஓரிடத்தில் பேனாவால் கோடு போட்டிருந்தது. மகள் போட்டுக் கொடுத்திருப்பாள். அதன்மேல் விரலை வைத்து, கேட்டின் கம்பிக்கு ஊடாக எனக்குக் காட்டினார்.

"மூடிட்டு வீட்டுக்குப் போகாம, யாராச்சும் வாறாங்களான்னு கல்லுல ஒக்காந்து பாதையப் பாத்துக்கிட்டே இருந்தான்னு எழுதியிருக்க."

"ஆமா."

"இத யார் சொன்னா ஒனக்கு?" அவர் குரல் மேட்டுக்கே கேட்டிருக்கும். "அன்னைக்கு அங்க ஒருத்தரும் இல்ல. நான் ஒத்த ஆளாத்தான் ஒக்காந்திருந்தேன். எவன் பாத்தான்?"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. முகத்தில் இருந்த கோபம் அப்படியே நின்றது. அதற்குப் பின்னால் ஆள் இல்லை.

ஏழெட்டு வருடம் காத்து, காத்து, காத்து. சங்கம் கேட்டும் வராதது, கோயிலில் வைத்துக் கேட்டும் வராதது, நான் ரோட்டில் மறித்தும் வராதது, என் பேனா போட்ட ஒரு வரிக்கு வெளியே வந்துவிட்டது. பிற்பாடு எனக்கு ஒன்றிரண்டு பரிசு கிடைத்தது. சுவரில் மாட்டியிருக்கிறேன். அந்தக் கேட்டில் கிடைத்ததை எங்கே மாட்டுவது?

"யாரும் பாக்கல" என்றேன். "நானே நெனச்சு எழுதினது."

மடியில் இருந்த கத்தியை எடுத்துக் கீழே வைத்தேன். அவர் பத்திரிகையை மறுபடி நீளவாக்கில் மடித்தார். போகப்போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. என்னைப் பார்க்காமல், சாக்கில் கிடந்த போஞ்சியைப் பார்த்துச் சொன்னார்.

"ஒரே ஒரு ஆளு வந்து கேட்டிருந்தா தொறந்திருப்பேன்."

"தெரியும்" என்றேன். "அதுவும் எழுதியிருக்கு. கடைசிக்கு முந்தின பத்தி. மகள இன்னொரு தடவ படிக்கச் சொல்லுங்க."